பெட்டிக்குப் போகும் கரண்ட்

மாலை நாலு மணிக்கு ஐஸ் பெட்டி இரண்டாவது தடவை நின்றது.

காலையிலிருந்து கூடத்தை நிறைத்திருந்த அதன் உறுமல் அற்றதும், அடியில் அமுங்கிக் கிடந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன: பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி இழுபடுவது, கொல்லையில் யாரோ வாளியை வைப்பது, ரோஜா மாலையைச் சுற்றும் ஈ, பெட்டிக்கு அடியில் எங்கோ தண்ணீர் சொட்டுவது. ஒப்பாரி வைத்த பெண்கள் பாட்டின் நடுவிலேயே நிறுத்தினார்கள். ஊதுபத்தி, மாலை, வியர்வை, எல்லாவற்றுக்கும் மேலாகத் திராட்சைத் தோட்டத்திலிருந்து வரும் மருந்து நெடி. கண்ணாடி மூடிக்குக் கீழே சுருளிராஜன் புது வேட்டியில் படுத்திருந்தார்.

அஜய்குமார் சுவரோரம் மண்டியிட்டு, பெட்டியின் பிளக் செருகியிருந்த பாயிண்ட்டைப் பார்த்தான். நிற்பதற்குச் சற்று முன்பு அதற்குள் டிக் என்று ஒரு சத்தம். அது அவனுக்குத் தெரிந்த சத்தம். உள்ளே கரண்டை இணைத்து அறுக்கும் ரிலே விடுபடும் சத்தம். கரண்ட் போகவில்லை. அணையச் சொல்லி, அது அணைந்திருக்கிறது.

“நீ வந்து ஒக்காந்தும் நிக்குதேப்பா” என்றான் ராஜபாண்டி. பெட்டி அவனுடையது. சின்னமனூரிலிருந்து வேனில் ஏற்றி வந்து வாடகைக்கு விடுபவன். “எம் பெட்டில ஒரு கோளாறும் இல்ல. நேத்து கோம்பையில ராவு முச்சூடும் ஓடுச்சு. ஒன் பாயிண்ட்டுதேன் சரியில்ல. இப்பிடி நின்னு நின்னு ஓடுனா கம்ப்ரஸர் போயிரும், பாத்துக்க.”

இந்த வீட்டின் பாயிண்ட்டுகள் எல்லாம் அஜய்குமார் மாட்டியவை. தேனியில் அவன் கடை. போன மாசிக்குப் பிறகு ஓடைப்பட்டியில் இந்த ஒரு வீட்டுக்குத்தான் முழு வீட்டு வேலை செய்திருந்தான். செல்போனிலிருந்தோ வாயால் சொல்லியோ எந்த பாயிண்ட்டையும் போடலாம், அணைக்கலாம். உச்சிப்பொழுதில் பெட்டி முதல் தடவை நின்றபோதே அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிளேட்டில் இருந்த பொத்தானை அழுத்தினான். டிக். பெட்டி குலுங்கி மறுபடி உறுமியது. பெண்களும் தொடங்கினார்கள்.

அன்னத்தாய் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சுருளிராஜனின் மனைவி. அழவில்லை. அழுது முடித்த முகம்.

“தம்பி” என்றாள். “மக சிங்கப்பூர்ல ஏறிட்டா. மதுரையில எறங்கி இருட்டுனதும் வந்துருவா. அவ மொகத்தப் பாத்துரணும். ஒத்தப் பிள்ள. அதுவரைக்கும் அவுகளக் கெடாம வச்சிருந்தாப் போதும்.”

“வச்சிருவோம்மா” என்றான் அஜய்குமார்.

சொல்லும்போது அவனுக்கு நம்பிக்கை இருந்தது. பெட்டியின் கம்ப்ரஸர் கிளம்பும்போது அதிகமாக இழுக்கும். கூடத்தில் இருப்பது சின்ன பாயிண்ட். அதன் ரிலே தாங்காது. அவ்வளவுதான். சமையலறையில் கிரைண்டருக்கென்று போட்ட பெரிய பாயிண்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்து கூடத்தில் மாட்டினான். சமையலறை காலையிலிருந்து அடுப்பு மூட்டாமல் குளிர்ந்து கிடந்தது. சாவு எடுக்கும்வரை அங்கே நெருப்பு கிடையாது. சாப்பாடும் காப்பியும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வந்தன.

மாற்றிய பிறகு பெட்டி நிதானமாக ஓடியது. ராஜபாண்டி கண்ணாடியைத் துடைத்து, பெட்டியில் குளிர் காட்டும் எண்ணைப் பார்த்தான். குளிர் சரியாக இறங்கியிருந்தது. அஜய்குமார் சாமான்களைப் பையில் போட்டு எழுந்தான். வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, எந்த வீட்டிலும் வேலை முடிந்து கிளம்பும்போது சொல்வதுபோல, திரும்பிப் பார்த்துச் சொன்னான்.

“அப்ப வர்றேன்மா.”

பாட்டு நின்றது. பந்தலில் பேச்சும் நின்றது.

“ஏலே” என்றார் வேல்பாண்டி. சுருளிராஜனின் தம்பி. தூணில் சாய்ந்து நின்றவர். “எழவு வீட்டுல வந்து வர்றேங்கிற? எதுக்கு, இன்னொருக்க வர்றதுக்கா? தேனி பஜார்ல எழவே விழுகாதா?”

அஜய்குமாருக்குக் காது சுட்டது. தெரியாததில்லை. அவன் வீட்டுச் சாவுகளிலும் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. சத்தமில்லாமல் எழுந்து நழுவிவிடுவார்கள். நாக்கு பழகிய சொல்.

“மன்னிச்சுக்கங்க அண்ணாச்சி. வாய் தவறி…”

அப்போதுதான் மேலே பார்த்தான். வாசல் நிலைக்கு மேல், அரைத் தேங்காய்மூடி அளவில், குரல் கேட்கும் கறுப்புக் கருவி இருந்தது. அதன் விளிம்பில் ஒரு வெளிச்ச வளையம். தெரியாத குரலுக்குச் சிவப்பு. சுருளிராஜன் குரலுக்குப் பச்சை. அவன் பேச்சுக்கு அது சிவந்திருந்தது. சிவப்பு அடங்கியது.

யாரும் பேசவில்லை.

பச்சை ஏறியது.

டிக்.

பெட்டி நின்றது.

ராஜபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். வேல்பாண்டி சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “எங்கண்ணன் கொரலுக்கு மட்டுந்தேன் கேக்கும்னு பெருமையடிச்ச. நீ சொன்னாலும் கேக்குதே. வெலகொடுத்து வாங்குன நாயி வர்றவன் போறவனுக்கெல்லாம் வாலாட்டுதுல்ல.”

அஜய்குமாரும் சிரிக்க முயன்றான். காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி; சிவப்புக்குப் பிறகு பச்சை ஏறியதை அவன் நினைக்க விரும்பவில்லை. அந்தச் சொல்தான். அந்தச் சொல்லை அவனேதான் இந்த வீட்டுக்குக் கற்றுக்கொடுத்தான்.

சுருளிராஜன் கேட்டு வைத்தது. கடையில் விற்கும் கருவிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. “வீட்ட விட்டுக் கெளம்பையில போறேன்னு சொல்லச் சொல்லுதே. எவனாச்சும் வாசல்ல நின்னு போறேன்னு சொல்லுவானா? வெளங்குமா?” என்று கேட்டார். அதனால் அஜய்குமார் மாற்றி அமைத்தான். அவர் வாசலில் நின்று வர்றேன் என்றால் வீட்டில் ஓடுவதெல்லாம் அணையும். திரும்பி வந்து வந்துட்டேன் என்றால் அவருக்கு வேண்டியதெல்லாம் ஓடும். இதே கூடத்தில் உட்காரவைத்து இரண்டு சொற்களையும் மாறி மாறிச் சொல்லச் சொன்னபோது, “பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி திருப்பித் திருப்பிக் கேக்குறயேப்பா” என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

ஆக, அந்தச் சொல். உச்சிப்பொழுதிலும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாலு மணிக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அம்மா, மத்தியானம் பொட்டி நின்னப்ப யாராச்சும் வர்றேன்னு சொல்லிட்டுக் கெளம்புனாகளா?”

அன்னத்தாய் அவனையே பார்த்தாள்.

“எழவு வீட்டுல எவஞ் சொல்லுவான்?” என்றாள்.

சொன்னபின் அவள் பார்வை மெல்லத் திரும்பிக் கண்ணாடிமேல் போய் நின்றது.

அஜய்குமார் நாற்காலி போட்டு ஏறி, கறுப்புக் கருவியின் வயரைப் பிடுங்கினான். நிலையிலிருந்து கழற்றினான். வளையம் செத்துவிட்டது. அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். கையில் சூடாக இருந்தது. வெகுநேரம் பேசிய போன்போல. கூடத்துப் பாயிண்ட்டைப் பொத்தானில் போட்டான். பெட்டி ஓடியது. இனி இந்த வீட்டுக்குக் காது கிடையாது.

கிளம்ப அவனுக்கு மனம் வரவில்லை. மகள் வரும்வரை இருந்துவிடுவோம் என்று வாசல் ஓரம் உட்கார்ந்தான். மேகமலைப் பக்கம் வானம் கறுத்து, இல்லாத மழைக்கு மண் வாசம் வந்தது. வெயில் பந்தலின் தகரத்திலிருந்து இறங்கித் திராட்சைப் பந்தலுக்குள் போய் மறைந்தது. பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் காப்பி வந்தது. ஒரு பெண் டம்ளரை நீட்டினாள். அவன் வாங்கும்போது சுவருக்குள் டிக் என்றது.

உறுமல் அறுந்தது.

யாரும் எதுவும் சொல்லாத அந்த இடைவெளியில், வீட்டின் உள்ளே வேறு ஒரு டிக். குளியலறைப் பக்கம். ஹீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு கதவிடுக்கில் தெரிந்தது. பிறகு இன்னொன்று, படுக்கையறையில். அங்கே மின்விசிறி கிறீச்சிட்டுக் கிளம்பியது. பிறகு சமையலறையில்.

சமையலறையிலிருந்து முனகல்போல ஒன்று தொடங்கி வளர்ந்தது. கெட்டிலில் தண்ணீர் சூடாகும் சத்தம்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “உள்ள யாருடி?” என்றாள் ஒருத்தி. எல்லாரும் கூடத்தில்தான் இருந்தார்கள்.

“தோட்டத்துல இருந்து வந்ததும் இப்பிடித்தேன்” என்றாள் அன்னத்தாய். குரல் அவளுக்கே கேட்கவேண்டிய அளவில்தான் இருந்தது. “மொத ஹீட்டரு. பெறகு சட்டையக் கழட்டிட்டு காத்தாடிக்கு அடியில நிப்பாக. அதுக்குள்ள தண்ணி கொதிச்சிரும். கருப்பட்டிக் காப்பிய அவுகளே போட்டுக்கிருவாக.”

அஜய்குமார் சமையலறைக்கு ஓடினான். கெட்டில் மேடையில் இருந்தது. மூடியின் விளிம்பில் ஆவி. கிரைண்டர் பாயிண்ட்டைக் கழற்றும்போது அந்தக் கெட்டிலைத்தான் அவன் நகர்த்தி வைத்தான். அப்போது அது காலி. கனமில்லாமல் கையோடு வந்தது நினைவிருந்தது. இப்போது உள்ளே தண்ணீர் தளதளத்தது. பிளக்கைப் பிடுங்கினான். பக்கத்தில் கருப்பட்டி டப்பா திறந்திருந்தது. சிந்திய தூளில் எறும்பு இன்னும் ஏறவில்லை.

கூடத்துக்குத் திரும்பினான். சொல்லவேண்டுமா? என்ன சொல்வது? மெயின் போர்டைத் திறந்து எல்லாச் சுவிட்சுகளையும் தள்ளி அணைத்தான். பீஸ்கட்டைகளையும் உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வீடு முழுக்க இருண்டது. தலைமாட்டு விளக்கு மட்டும்.

“அண்ணாச்சி, இந்த வீட்டு லைனே வேணாம். தோட்டத்து ஜெனரேட்டரக் கொண்டாரச் சொல்லுங்க. வெரசா.”

“அப்பிடிச் சொல்லு. ஒன் வித்தையெல்லாம் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டுக்கொண்டே வேல்பாண்டி போனார்.

ஜெனரேட்டர் டிராக்டரில் வந்து பந்தலுக்கு அப்பால் இறங்கியது. அதிலிருந்து வயரை ஜன்னல் வழியாக இழுத்து, ராஜபாண்டியின் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் முடித்தான். சாதாரண மரப்பெட்டி. சாதாரண வெள்ளைச் சுவிட்ச். கீழே தட்டினால் ஓடும், மேலே தட்டினால் நிற்கும். அதற்குக் காதும் இல்லை, மூளையும் இல்லை. ஒரு குண்டு பல்பையும் அதிலேயே சேர்த்தான். சுவிட்சைக் கீழே தட்டியதும் பல்பு எரிந்தது, பெட்டி உறுமியது, வெளியே ஜெனரேட்டர் பாரம் ஏறிய வண்டிபோல மூச்சு வாங்கி அடிக்குரலுக்கு இறங்கியது.

ராஜபாண்டியைத் தனியாக இழுத்தான். “அண்ணே, அவருக்கு உயிர்…”

“ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காக. நானும் தூக்கையில பாத்தேன். வெறச்சுப்போச்சு. நான் எத்தன பேரத் தூக்கிருப்பேன்.” அவன் அஜய்குமாரின் முகத்தைப் பார்த்தான். “நீ சாப்ட்டியா?”

அஜய்குமார் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. ஆண்கள் பந்தலில், பெண்கள் பாதிப் பேர் முற்றத்தில். கூடத்தில் குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் கண்ணாடிமூடியில் பட்டுச் சுவரில் ஒரு நீள்சதுரமாக விழுந்தது. அது அசையவில்லை. அவன் அதையே பார்த்தான். அசையவில்லை. ஈரச் சேலை வாசம். எண்ணெய் வாசம். கொஞ்சம் கருப்பட்டி வாசம்.

முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. வெளியே ஜெனரேட்டரின் குரல் திடீரென்று இலேசானது. பாரம் இறங்கிய வண்டி.

பல்பு இல்லை. உறுமல் இல்லை.

விளக்கு வெளிச்சத்தில் சுவிட்சைப் பார்த்தான். அது மேலே ஏறியிருந்தது.

அவன் கை மடியில் இருந்தது. அருகில் யாரும் இல்லை. அன்னத்தாய் எட்டவே இருந்தாள்.

உள்ளே, இருட்டில், படுக்கையறை மின்விசிறி கிறீச்சிட்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. வேகம் பிடித்தது.

பீஸ்கட்டைகள் அவன் சட்டைப் பையில் இருந்தன. தொட்டுப் பார்த்தான். இருந்தன.

சுவிட்சைக் கீழே தட்டினான். பல்பு. உறுமல். படுக்கையறையில் காத்தாடி தளர்ந்து தளர்ந்து நின்றது.

இன்சுலேஷன் டேப்பைப் பிய்த்துச் சுவிட்சின் குறுக்கே ஒட்டினான். அதன்மேல் இன்னொன்று. இன்னொன்று. நகத்தால் அழுத்தித் தேய்த்தான். கையை எடுத்தான்.

டேப் கொஞ்சம் உப்பியது.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கறுப்பு டேப் நடுவில் மெதுவாக எழும்பியது. அவசரம் இல்லாமல். தூக்கத்தில் ஒருவன் போர்வைக்குள் முழங்காலை மடக்குவதுபோல. ஓரம் பிரிந்தது. பசை நூல் நூலாக இழுபட்டது.

கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினான்.

கீழிருந்து அது அழுத்தியது.

ஸ்பிரிங்காக இருக்கும் என்று நினைத்தான். ஸ்பிரிங் ஒரே அளவில் தள்ளும். இது அப்படி இல்லை. தள்ளியது. சற்று ஓய்ந்தது. மூச்சுப் பிடித்து மறுபடி தள்ளியது.

வயரை வெட்டி நேராக முறுக்கிவிடலாம். குறடு பையில் இருந்தது. பை வாசலில் இருந்தது. எட்டாது. எழுந்தால் விரலை எடுக்கவேண்டும். ராஜபாண்டியைக் கூப்பிட வாயைத் திறந்தான். அவன் பந்தலுக்கு அப்பால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் குரல் போகவில்லை.

வேல்பாண்டிதான் உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். “என்ன தம்பி, விரல எடுக்கவே மாட்டேங்குற? பசை கிசை ஒட்டிக்கிருச்சா?”

“சுவிட்சு லூசா இருக்கு அண்ணாச்சி.”

“லூசு சுவிட்சா, நீயா?” என்று சிரித்தபடி பக்கத்தில் குத்தவைத்தார். “தள்ளு. நான் பிடிக்கேன். நீ போயி மூத்திரமாச்சும் பேஞ்சுட்டு வா.”

அவர் தன் கட்டைவிரலை அஜய்குமாரின் விரலுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். அஜய்குமார் தன் விரலை எடுத்தான்.

வேல்பாண்டியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அது இல்லை. அவர் விரலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கழுத்து நரம்பு எழும்பியது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. அதையே அது நெம்பியது.

“பிடி” என்றார். “பிடிறா.”

அஜய்குமார் பிடித்தான். அவர் எழுந்து, துண்டைத் தரையிலேயே விட்டுவிட்டு, பந்தலைக் கடந்து தெருவுக்குப் போனார். யாரோ கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

விரல் மரத்தது. மற்ற கையின் விரலை மேலே வைத்தான். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பைபிள் சங்கீதம் முதல் வரிக்குமேல் வரவில்லை. முதல் வரியையே சொன்னான். தள்ளியது. திரும்பச் சொன்னான். தள்ளியது.

விட்டுவிடலாமா என்று நினைத்தான்.

விட்டுவிட்டால் பெட்டி நிற்கும். பெட்டி நின்றால் உள்ளே காத்தாடி சுற்றும். அதற்குக் கீழே யார் நிற்பார்? தவிர, அந்த உடல். இந்தப் புழுக்கத்தில் நேற்று ராத்திரியிலிருந்து இருக்கிற உடல். மகள் பார்க்கவேண்டிய முகம்.

அன்னத்தாய் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். அவன் விரல்களையும் டேப்பையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பெட்டியருகே போய்க் குனிந்து, கண்ணாடியில் வாய் படும்படி பேசினாள். பிள்ளையைத் தூங்கவைக்கும் குரல்.

“வந்துக்கிட்டிருக்கா. ஆண்டிபட்டி தாண்டிட்டாளாம். சித்தப் பொறுங்க. இம்புட்டு நேரம் பொறுத்தாச்சுல்ல.”

அஜய்குமாரின் விரலுக்குக் கீழே அது ஓய்ந்தது.

ஓர் ஒப்பாரி வரி முடியும் நேரம். அவ்வளவுதான். பிறகு முன்னைவிட வேகமாகத் தள்ளியது. எலும்பு வலித்தது.

“அம்மா” என்றான். “அவரு…”

“எனக்குத் தெரியும்யா” என்றாள். அவன் தோளில் கைவைத்தாள். கை சுட்டது. “பிள்ள மொகத்தப் பாத்துரட்டும். விட்றாத. ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன், விட்றாத.”

அவன் விடவில்லை.

பல்பு எரிந்தது. பெட்டி ஓடியது. வெளியே ஜெனரேட்டர் அடிக்குரலில் முக்கியது. விரல் நகத்துக்கடியில் கறுத்துக்கொண்டு வந்தது. அவன் முழங்கையைத் தரையில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அந்த இரண்டு விரல்களில் இறக்கினான். தள்ளியது. இறக்கினான். தள்ளியது. யாரோ வந்தார்கள், மாலை போட்டார்கள், போனார்கள். சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். தள்ளியது. கண்ணாடியில் பட்ட வெளிச்சம் சுவரில் இருந்தது. அவன் அதைப் பார்ப்பதை நிறுத்தினான். கண்ணை மூடினான். மூடினால் கீழே இருப்பது இன்னும் நன்றாகத் தெரிந்தது. அதன் அகலம். ஒரு விரலின் அகலம்.

வாசலில் காரின் வெளிச்சம் திரும்பியது. பெண்கள் கதறிக்கொண்டு எழுந்தார்கள். “ஆத்தா, வந்துட்டியா ஆத்தா.” கதவு அடிபட்டது. செருப்புச் சத்தம்.

விரலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

சட்டென்று. எதிரே பிடித்திருந்தவன் கையை விட்டதுபோல. அஜய்குமார் முன்னால் சரிந்து நெற்றி சுவரில் இடித்தது. விரலை எடுத்துப் பார்த்தான். சுவிட்ச் கீழேயே இருந்தது. வெறும் சுவிட்ச். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

மகள் ஜோதிகா ஜீன்ஸும் கசங்கிய சட்டையுமாக உள்ளே வந்தாள். கழுத்தில் விமானத் தலையணை அப்படியே இருந்தது. யாரோ அதைக் கழற்றினார்கள். அவள் அழவில்லை. அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. நேராகப் பெட்டியருகே வந்து நின்றாள்.

“தொறங்க” என்றாள்.

ராஜபாண்டி எண்ணைப் பார்த்தான். “நல்ல குளிர்ல இருக்கு தாயி. கொஞ்ச நேரந்தேன். மூடிரணும்” என்று சொல்லிக் கொக்கிகளைத் தள்ளி மூடியைத் தூக்கினான். குளிர் வெள்ளையாக விளிம்பைத் தாண்டி வழிந்து, தரையில் உட்கார்ந்திருந்த அஜய்குமாரின் முழங்காலைத் தொட்டது. அவன் பின்னுக்கு நகர்ந்தான். நகர இடமில்லை. சுவர்.

பெட்டியின் உள்சுவர்களில் உறைபனி பூத்திருந்தது. மாலை விறைத்திருந்தது. இதழ்களின் ஓரம் வெள்ளை.

ஜோதிகா குனிந்து அப்பாவின் நெற்றியில் கையை வைத்தாள். எடுத்தாள். உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அது ஈரமாக மின்னியது. மறுபடி குனிந்து, சட்டைக் கையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் திரும்பவும் துளிர்த்தது. கண்குழியில் நிறைந்து, காதோரம் வழிந்து, தலைக்கடியில் இருந்த துணியில் இறங்கியது. துணி ஏற்கெனவே நனைந்திருந்தது. அன்னத்தாய் முகத்தை மூடிக்கொண்டாள். ராஜபாண்டி மூடியைப் பிடித்தபடியே நின்றான். அதைச் சாத்த அவனுக்குத் தோன்றவில்லை.

ஜோதிகா ஒவ்வொருவராகப் பார்த்து, கடைசியில் சுவரோரம் கறுத்த விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் கேட்டாள்.

“உள்ள இம்புட்டுக் குளுருதே அண்ணே, அப்பாவுக்கு ஏன் இப்பிடி வேர்த்துக் கொட்டுது?”